உயர்தர வயர்லெஸ் கேமிங் மவுஸ் வாங்குவோருக்கு: கையை அளப்பதில் தொடங்கி முதல் வாரம் வரை

சிங்கப்பூரில் உயர்தர வயர்லெஸ் கேமிங் மவுஸ் ஒன்று இன்று 200 வெள்ளியை ஒட்டியோ அதைத் தாண்டியோ விற்கிறது. பள்ளி விடுமுறையில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை அதில் போடும் இளையர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களை வைத்தே எதை வாங்குவது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த விலையில் கிடைக்கும் பெயர்பெற்ற நிறுவனங்களின் மவுஸ்களில், அசைவை உணரும் பகுதியான சென்சார் தேவைக்கு மேலாகவே இருக்கும். ஒரு மவுஸ் உங்களுக்கு ஒத்துவருமா வராதா என்பதை அதன் வடிவமும் எடையும் உங்கள் கையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியைக் கடையிலிருந்து தொடங்காமல் கையிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் கையை அளந்துகொள்ளுங்கள்

மணிக்கட்டில் உள்ளங்கை தொடங்கும் இடத்தில் ஒரு மடிப்புக்கோடு இருக்கும். அந்தக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை அளவுகோலால் அளந்தால் கிடைப்பது கையின் நீளம். கட்டைவிரலை ஒதுக்கிவிட்டு, நான்கு விரல்களும் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் குறுக்காக அளந்தால் கிடைப்பது அகலம். இரண்டையும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள், மவுஸின் அளவுகளோடு ஒப்பிட உதவும்.

அடுத்து, நீங்கள் மவுஸை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். இப்போது வைத்திருக்கும் மவுஸில் கால் மணி நேரம் விளையாடிவிட்டு, கையை நகர்த்தாமல் அப்படியே நிறுத்திக் குனிந்து பாருங்கள். உள்ளங்கை முழுவதும் மவுஸின் முதுகில் படிந்திருந்தால் அது பாம் கிரிப். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் மவுஸின் பின்புறத்தைத் தொட, விரல்கள் வளைந்து நுனியால் பொத்தான்களை அழுத்தினால் அது கிளா கிரிப். உள்ளங்கை மவுஸைத் தொடாமல் விரல்நுனிகள் மட்டும் பிடித்திருந்தால் அது ஃபிங்கர்டிப் கிரிப். பலருக்கு இவற்றில் இரண்டு கலந்திருக்கும், அதில் தவறேதும் இல்லை. பொதுவாக, பாம் கிரிப்புக்கு முதுகு உயர்ந்து கையை நிரப்பும் மவுஸும், மற்ற இரண்டுக்கும் தாழ்வான, கொஞ்சம் சிறிய மவுஸும் பொருந்தும்.

இந்த வேறுபாடு மில்லிமீட்டர் கணக்கில் இருப்பதால் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. லாஜிடெக்கின் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 2 ஏறக்குறைய 125 மில்லிமீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. ரேசரின் டெத்ஆடர் வி3 ப்ரோ 128 மில்லிமீட்டர் நீளமும் 44 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது, வலது கைக்கென்றே சாய்வாக வார்க்கப்பட்டது. காகிதத்தில் 3 மில்லிமீட்டரும் 4 மில்லிமீட்டரும் ஒன்றுமில்லாதவையாகத் தோன்றும். கையில் எடுத்தால் முன்னது தட்டையாகவும் பின்னது குன்றுபோலவும் இருக்கும்.

என் அக்கா மகனை, மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்துக்கு அழைத்துச் சென்ற நாளில் இதை நேரில் கண்டேன். அவனுக்குப் பதினைந்து வயது, கையின் நீளம் 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. “மாமா, என் வகுப்புல எல்லாரும் இதைத்தான் வச்சிருக்காங்க” என்று பெரிய மவுஸ் ஒன்றைக் கையில் எடுத்தான். வேகமாக இடது பக்கம் இழுக்கச் சொன்னேன். அவனுடைய மோதிரவிரலும் சுண்டுவிரலும் மவுஸின் பக்கவாட்டில் பிடி கிடைக்காமல் நழுவிக் கீழே இறங்கி, நகம் மவுஸ் பேடில் உரசியது. அந்த உரசல் சத்தத்தை அவனே கேட்டான். அதே நிறுவனத்தின் தாழ்வான மவுஸை எடுத்து மறுபடியும் இழுத்தபோது சத்தம் இல்லை. அதற்குமேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெட்டியில் உள்ள எண்களில் எதைப் பார்ப்பது

எடையைப் பாருங்கள். 2018இல் வந்த லாஜிடெக் ஜி ப்ரோ வயர்லெஸ் 80 கிராம், அப்போது அதுவே இலேசானது என்று பேசப்பட்டது. 2020 இறுதியில் வந்த சூப்பர்லைட் 63 கிராமுக்கும் கீழே வந்தது. 2024இல் வந்த ரேசர் வைப்பர் வி3 ப்ரோ ஏறக்குறைய 54 கிராம். சுட்டுவிளையாடும் ஆட்டங்களில் மவுஸை ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை தூக்கி வைக்க வேண்டியிருப்பதால், இந்த எடைக்குறைவை மணிக்கட்டு உண்மையாகவே உணர்கிறது. ஆனால் 54 கிராமுக்கும் 60 கிராமுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்காக, வடிவம் பொருந்தாத ஒன்றை வாங்க வேண்டாம்.

டிபிஐ எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தும்போது அது கணினிக்கு எத்தனை அசைவுகளாகச் சொல்கிறது என்பதே டிபிஐ. 30,000, 35,000 என்று விளம்பரம் செய்யப்பட்டாலும் போட்டிகளில் ஆடுவோரில் பெரும்பாலோர் 400 முதல் 1,600 வரைக்குள்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

போலிங் ரேட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கூடுதல் பணம் பெரும்பாலும் இதற்காகவே வாங்கப்படுகிறது. மவுஸ் ஒரு விநாடிக்கு எத்தனை முறை தன் நிலையைக் கணினிக்குத் தெரிவிக்கிறது என்பதே இது. 1,000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, 8,000 ஹெர்ட்ஸ் என்றால் 0.125 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. சாதாரண அலுவலக மவுஸின் 125 ஹெர்ட்ஸிலிருந்து, அதாவது 8 மில்லிவிநாடியிலிருந்து, 1,000 ஹெர்ட்ஸுக்கு மாறும்போது வேறுபாடு நன்றாகத் தெரியும். 1,000இலிருந்து 8,000க்குப் போகும்போது மிச்சமாவது ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவே. அதற்குப் பேட்டரியும் கணினியின் செயலியும் விலை கொடுக்கின்றன. வைப்பர் வி3 ப்ரோவின் பேட்டரி 1,000 ஹெர்ட்ஸில் 95 மணி நேரமும் 8,000 ஹெர்ட்ஸில் 17 மணி நேரமும் வரும் என்று அதன் நிறுவனமே சொல்கிறது. விநாடிக்கு 240 முறையோ அதற்கு மேலோ படத்தைப் புதுப்பிக்கும் (240 ஹெர்ட்ஸ்) திரையும் வலுவான செயலியும் உங்களிடம் இல்லையென்றால், 1,000 ஹெர்ட்ஸ் மவுஸே போதும் என்பது என் கருத்து.

பொத்தானுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் எவ்வகை என்று கேளுங்கள். பழைய வகைச் சுவிட்சில் ஒரு மெல்லிய உலோகத் தகடு அழுத்தும்போது கீழே உள்ள முனையைத் தொடும். தொட்டவுடன் அது நுண்ணியதாகத் துள்ளும் என்பதால், மவுஸ் சில மில்லிவிநாடிகள் காத்திருந்து அதை ஒரே கிளிக்காகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நாளடைவில் தகடு தேய்ந்து, முனையில் துருப்படலம் படியும்போது துள்ளல் அந்தக் காத்திருப்பையும் தாண்டி, ஒருமுறை அழுத்தியது இருமுறையாகப் பதிவாகிறது. டபுள் கிளிக் என்று எல்லாரும் புலம்பும் கோளாறு இதுவே. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் தேங்கி நிற்கும் நம் ஊரில் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அகச்சிவப்பு ஒளிக்கதிரை வைத்து அழுத்தத்தை உணரும் ஆப்டிகல் சுவிட்சில் மின்தொடுமுனை இல்லாததால் இந்தக் கோளாறு இல்லை. சூப்பர்லைட் 2, வைப்பர் வி3 ப்ரோ இரண்டிலும் கிளிக்கை ஒளியே உணர்கிறது.

மின்னேற்றும் துளையும் ஒரு சிறு விவரம்தான், ஆனால் தினமும் கையாள வேண்டியது. முதல் சூப்பர்லைட்டில் இருந்தது பழைய மைக்ரோ யுஎஸ்பி, 2023இல் வந்த இரண்டாவதில் யுஎஸ்பி-சி. தள்ளுபடி விலையில் பழையது கிடைத்தால் இதை நினைவில் வையுங்கள்.

கடையில் தொட்டுப் பார்ப்பது

ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய சிம் லிம் சதுக்கத்துக்குத் தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கும் ஃபுனான் கடைத்தொகுதியிலும் பெரிய மின்னணுக் கடைகளிலும் காட்சிக்கு வைத்த மவுஸ்களைத் தொட்டுப் பார்க்கலாம். கைபேசியில் நல்ல விலை கண்டிருந்தாலும், முதல் மவுஸ் வாங்குகிறவர் ஒரு பிற்பகலை இதற்குச் செலவிடுவது நல்லது.

காட்சிப் பொருளைத் தொடும்போது ஒன்றைக் கவனியுங்கள். திருட்டைத் தடுக்கும் கம்பியோ பட்டையோ அதில் ஒட்டப்பட்டிருந்தால் உண்மையான எடை உங்களுக்குத் தெரியாது. கடைக்காரரிடம் பணிவாகக் கேட்டால் அந்தக் கம்பி இல்லாத ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். மவுஸை வெறுமனே பிடித்துப் பார்த்தால் போதாது. மேசைமேல் வைத்து வேகமாகப் பக்கவாட்டில் இழுங்கள், தூக்கி நகர்த்தி வையுங்கள், கட்டைவிரல் நகராமலேயே பக்கப் பொத்தான்கள் இரண்டையும் எட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கங்களையும் கட்டைவிரலாலும் மோதிரவிரலாலும் அழுத்தும்போது ஓடு உள்வாங்கினாலோ கிறீச்சிட்டாலோ அது கட்டமைப்பின் குறை. காதருகில் வைத்து மெதுவாகக் குலுக்கினால் உருள் சக்கரத்தின் சிறு ஆட்டம் கேட்கலாம், ஆனால் உள்ளே ஏதோ கழன்று உருள்வதுபோன்ற ஓசை கேட்கக் கூடாது.

வியர்வையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் குளிர்சாதனம் ஓடும், உங்கள் அறையில் மின்விசிறி மட்டும் ஓடலாம். வழுவழுப்பான மேற்பூச்சு குளிரில் ஒருவிதமாகவும் வியர்த்த கையில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். சில மவுஸ்களோடு பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும் கிரிப் டேப் பெட்டியிலேயே வரும். வராவிட்டால் தனியாக வாங்கும் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன்

வாங்கிய பொருள் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும் பொதுவான உரிமை சிங்கப்பூர்ச் சட்டத்தில் இல்லை. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, ‘லெமன் சட்டம்’ என்று அழைக்கப்படும் விதிகள் குறையுள்ள பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும். பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பெற்றபோதே இருந்ததாகவே கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விற்பனையாளரின் பொறுப்பு. பழுதுபார்த்தல், மாற்றித் தருதல் ஆகியவற்றை முதலிலும், அவை முடியாவிட்டால் விலைக்குறைப்பையோ பணத்தைத் திரும்பப் பெறுவதையோ நீங்கள் கேட்கலாம். பிணக்கு வந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். அதற்கும் தீராதவை சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும்.

ஆகவே கடையில் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். குறை இருந்தால் எத்தனை நாளுக்குள் புதிதாக மாற்றித் தருவார்கள்? கடைக்காரர்கள் இதை ஒன்-டு-ஒன் எக்ஸ்சேஞ்ச் என்பார்கள், ஏழு நாள் என்பது வழக்கமாகக் காதில் விழும் பதில். பெட்டியைத் திறந்த பிறகு வடிவம் ஒத்துவராவிட்டால், வேறொன்றாக மாற்ற இடமுண்டா? உத்தரவாதத்தை இங்குள்ள விநியோகிப்பாளர் ஏற்பாரா?

மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். இணையத்தில் ஒரு விற்பனையாளர் மற்ற இடங்களைவிட 40 வெள்ளி குறைவாகக் கொடுத்தார். எட்டாம் மாதம் இடப் பொத்தான் இரட்டிப்பாகக் கிளிக் செய்யத் தொடங்கியது. உத்தரவாதத்துக்குப் போனபோது, அந்த வரிசை எண் வேறொரு நாட்டுச் சந்தைக்கானது என்றும் இங்கே பழுதுபார்க்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். விற்றவர் பதிலளிப்பதை நிறுத்திவிட்டார். 40 வெள்ளி மிச்சம் பிடிக்கப்போய் முழு மவுஸையும் இழந்தேன்.

வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வருவித்தால் விலையில் பொருள் சேவை வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 9 விழுக்காடு. 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2023 தொடக்கத்திலிருந்து, பதிவுபெற்ற விற்பனைத் தளங்கள் பணம் செலுத்தும்போதே வரியை வசூலிக்கின்றன. 9.9, 11.11 போன்ற விற்பனை நாள்களில் விலை குறைவது உண்மையே. அப்போதும் நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கடைப்பக்கம்தானா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். பயன்படுத்திய மவுஸைக் கரோசெல் போன்ற தளத்தில் வாங்குவதாக இருந்தால், எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றும்போதே மடிக்கணினியில் செருகி, கீழே சொல்லும் கிளிக் சோதனையையாவது செய்துவிடுங்கள்.

வீட்டில் முதல் மாலை

பெட்டியைத் திறப்பதைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து வையுங்கள். முத்திரை, வரிசை எண், உள்ளே இருக்கும் பொருள்கள் எல்லாம் தெரியட்டும். பெட்டியையும் நெகிழித் தாங்கியையும் மாற்றும் காலக்கெடு முடியும்வரை எறிய வேண்டாம். மவுஸுக்கு முழுதாக மின்னேற்றுங்கள்.

பிறகு, மவுஸோடு வயரில்லாமல் பேச கணினியில் செருகும் சிறு யுஎஸ்பி கருவியான டாங்கிளை எங்கே செருகுவது என்பதைத் தீர்மானியுங்கள். வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு அசைகிறது என்று வரும் புகார்களில் பல இதைச் சரிசெய்ததும் தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். டாங்கிள் பேசுவது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபையின் ஒரு பகுதியும் புளூடூத்தும் அதே அலைவரிசையில் இயங்குகின்றன. வீவக அடுக்குமாடி வீட்டில் கைப்பேசியின் வைஃபை பட்டியலைத் திறந்தால் மேல்மாடி, கீழ்மாடி, எதிர்வீடு என்று எத்தனை பெயர்கள் வரிசையாக வருகின்றன என்று பாருங்கள். போதாக்குறைக்கு, வேகமான யுஎஸ்பி 3.0 துளைகளும் அவற்றில் செருகிய வன்தட்டுகளும் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடுகின்றன. கணினிப் பெட்டியின் பின்புறம், இரும்புச் சுவருக்கு அப்பால், வன்தட்டுக்கு அடுத்த துளையில் டாங்கிளைச் செருகினால் எவ்வளவு நல்ல மவுஸும் தடுமாறும். பெட்டியில் வரும் நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளைப் பொருத்தி, மவுஸ் பேடின் ஓரத்தில், மவுஸிலிருந்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தொலைவில் வையுங்கள். வீட்டுக் கருவிகளை வைஃபையின் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

நிறுவனத்தின் மென்பொருளை நிறுவி, மவுஸ், டாங்கிள் இரண்டின் ஃபர்ம்வேரையும், அதாவது அவற்றுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளையும், புதுப்பியுங்கள். பாதியில் எதையும் பிடுங்க வேண்டாம். டிபிஐயை 800 ஆகவும் போலிங் ரேட்டை 1,000 ஆகவும் வைத்து, மவுஸின் சொந்த நினைவகத்தில் சேமித்துவிட்டால், அந்த மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விண்டோஸின் மவுஸ் அமைப்பில் என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன் என்ற குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். அது கையின் வேகத்துக்கேற்பச் சுட்டியின் தூரத்தை மாற்றுவதால், கை பழகுவதற்குத் தடையாகிறது.

இனிச் சோதனைகள். கிளிக்கைச் சோதிக்கும் இணையப் பக்கம் ஒன்றில் இடம், வலம் இரண்டையும் மெதுவாக நூறு முறையும் வேகமாக நூறு முறையும் அழுத்தி, நீங்கள் எண்ணியதும் திரை எண்ணியதும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு கோப்பைப் பிடித்து அரை நிமிடம் திரை முழுக்க இழுத்தபடி இருங்கள். வழியில் அது தானாக நழுவினால் சுவிட்சில் கோளாறு. நீண்ட பக்கம் ஒன்றை உருள் சக்கரத்தால் ஒவ்வொரு படியாக இறக்குங்கள், ஒருமுறைகூட மேல்நோக்கித் துள்ளக் கூடாது. பெயிண்ட் மென்பொருளில் மெதுவாகச் சாய்கோடுகளும் வட்டங்களும் வரையுங்கள். கோடு படிக்கட்டுபோல உடைந்தாலோ திடீரென்று தாவினாலோ டாங்கிளை இடம் மாற்றி மறுபடி வரையுங்கள்.

கடைசிச் சோதனைக்கு இரண்டு தடித்த புத்தகங்கள் வேண்டும். மவுஸ் பேடின் இரு ஓரங்களிலும் அவற்றை நகராதபடி வைத்து, மவுஸை இடப்புத்தகத்தில் முட்ட வைத்து, ஆட்டத்தில் திரை நடுவிலுள்ள குறிமையம் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வலப்புத்தகம் வரை மெதுவாக நகர்த்தி, திரும்ப முழு வேகத்தில் இடப்புத்தகத்தில் முட்டுங்கள். பத்துமுறை செய்த பிறகும் குறிமையம் கிட்டத்தட்ட அதே புள்ளியில் நின்றால், சென்சார் வேகத்தில் எதையும் தவறவிடவில்லை என்று பொருள்.

முதல் வாரம்

புதிய மவுஸில் முதல் நாள் குறி தவறுவது இயல்பு. பழைய மவுஸின் டிபிஐயை, ஆட்டத்தின் அமைப்பில் அசைவின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எண்ணான சென்சிட்டிவிட்டியால் பெருக்கி, அதே பெருக்கத்தொகை புதியதிலும் வருமாறு வையுங்கள். 1,600 டிபிஐயில் 0.25 வைத்திருந்தால் 800இல் 0.5. வேலரண்ட் என்ற சுடும் ஆட்டத்தில் 800 டிபிஐயும் 0.4 சென்சிட்டிவிட்டியும் வைத்தால், முழுதாக ஒரு சுற்றுத் திரும்ப மவுஸ் ஏறக்குறைய 41 சென்டிமீட்டர் நகர வேண்டும். அதே தூரம் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற ஆட்டத்தில் வேண்டுமென்றால் அங்கே சென்சிட்டிவிட்டி 1.27. அளவுகோலை மேசையில் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அந்த வாரம் முழுவதும் எண்ணை மாற்றாதீர்கள். தினமும் மாற்றினால், பிழை உங்கள் கையிலா மவுஸிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. படுக்கையறை மேசையில் விசைப்பலகையும் பாடப்புத்தகங்களும் போக 41 சென்டிமீட்டருக்கு இடமில்லை என்றால், மவுஸைக் குறை சொல்வதற்கு முன் மேசையை ஒழுங்குபடுத்துங்கள்.

ஒவ்வொரு நாளும் விளையாடி முடித்தவுடன் மூன்று இடங்களைக் கவனியுங்கள்: சுண்டுவிரலின் வெளிப்பக்கம், கட்டைவிரலின் அடிச்சதை, மணிக்கட்டின் மேற்புறம். முதல் இரண்டு நாள் இருக்கும் அசதி பழக்கமின்மையால் வரலாம். நான்காம் நாளும் அதே இடத்தில் வலித்தால் வடிவம் உங்கள் கைக்குப் பொருந்தவில்லை, பழகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். மாற்றித் தரும் கடையாக இருந்தால் கெடு முடிவதற்கு முந்தைய நாள் போகாமல், அதற்கும் ஒரு நாள் முன்பாகவே பெட்டியோடும் ரசீதோடும் காணொளியோடும் போய்விடுங்கள். மாற்ற இடமில்லை என்றால், வாங்கிய பத்து நாளுக்குள் விற்கும்போது கிடைக்கும் விலை ஆறு மாதம் கழித்துக் கிடைக்காது.

மவுஸை வைத்துக்கொள்வது என்று முடிவானால், வாரம் ஒருமுறை சற்றே ஈரமான துணியால் வியர்வைப் படலத்தைத் துடைத்து, சென்சார் துளையில் தங்கும் நூலிழையைக் காற்றூதி அகற்றுங்கள். அடியில் வழுக்கிச் செல்லும் வெண்ணிறப் பட்டைகள் தேய்ந்து ஓரம் சுரசுரப்பானதும் அதே மாதிரிக்கான புதிய பட்டைகளை வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டுவதற்கு முன் பழைய பசையை முழுவதுமாகத் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மூலை உயர்ந்து நின்று மவுஸ் ஆடும்.